இல்லை என்று எழுதத் தெரியாத கல்லூரி

மருதாயி வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டைச் சுற்றியிருக்கிற காப்பி எஸ்டேட்டுகளில் அவளுக்கு அந்தப் பெயர் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. மஞ்சக்குட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோமுங்க" என்று அவள் அப்பா இழுத்தார். உள்ளே இருந்தவள் வெளியே வந்து, "எனக்கு இஷ்டமில்லீங்க. நீங்க வேற எடம் பாத்துக்கோங்க" என்று கைகூப்பிச் சொன்னாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த மாப்பிள்ளைக்கு அதே மாதம் கரடியூரில் பெண் அமைந்தது. இன்றைக்கும் ஏற்காட்டுச் சந்தையில் பார்த்தால் அந்த மனுஷன் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார். ஆறு மாதம் இழுத்தடித்திருந்தால் விசாரிப்பாரா என்ன?

பிறகு பெருமாளைக் கட்டிக்கொண்டாள். அவன் காப்பிச் செடியின் கிளை கழித்துக் கவாத்து அடிக்கிறவன், அமைதியான ஆள். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவனுக்குப் பேச்சுச் செலவே கிடையாது.

எஸ்டேட்டில் ஆண்களே மேஸ்திரியாக இருந்த இடத்தில் மருதாயி மேஸ்திரியானதும் இந்த வாயால்தான். காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் விடிந்ததும் களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருக்கிறவர்கள் போக, பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிறவர்களும் இருப்பார்கள். எத்தனை ஆள் வேண்டும் என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வெங்கடேஷ் சொல்வான். யார் யார் என்று மருதாயி சொல்வாள். அவன் நோட்டில் பேர் எழுதுவான். பேர் ஏறினால் வேலை உண்டு, அதற்கு மேல் பேச்சு கிடையாது. மழை கொட்டி வேலை நின்றால்கூடப் பேர் ஏறியவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.

பேர் ஏறாதவர்களிடம் மருதாயி முகத்துக்கு நேரே "இல்லை" என்பாள். அதைத்தான் முதலில் சொல்வாள். "இல்லைங்கறத வெயில் ஏறுறதுக்குள்ள சொல்லிப்போடோணும் தம்பி. அப்பத்தான் அந்தாளு அடுத்த எஸ்டேட்டுக்கு நடந்து போயி நிக்க முடியும்" என்று வெங்கடேஷுக்கு விளக்கினாள். புதிதாக வந்த ரைட்டருக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. ஒருநாள் அவனே பாவப்பட்டு நாலு பெண்களிடம் "கொஞ்சம் இருங்க, பாக்கலாம்" என்று சொல்லிவைத்தான். அவர்கள் மத்தியானம்வரை சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கேயும் வேலை கிடைக்காமல் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு அவனுக்கு மருதாயியிடம் கிடைத்த வசவு அவன் ஜென்மத்துக்கும் போதும்.

இன்னொரு மரியாதையும் அந்தக் களத்தில் உண்டு. ஒரு எஸ்டேட்டில் பேர் ஏறிய பிறகு இன்னொரு எஸ்டேட்டுக் களத்தில் போய் நிற்கக் கூடாது. அது அங்கே நிற்கிற இன்னொருத்தியின் சோற்றில் கை வைப்பது. அப்படிச் செய்தவர்களை அடுத்த நாள் இரண்டு எஸ்டேட்டிலுமே சேர்ப்பதில்லை. இது யாரும் போட்ட சட்டமில்லை, ஆனால் மருதாயிக்குச் சட்டத்தைவிடப் பெரிது.

இந்த மரியாதைதான் அவள் மகள் கீர்த்திகாவின் ஒரு வருஷத்தை விழுங்கியது. மரியாதை மேல் தப்பில்லை. அதை யாரிடம் காட்டினோம் என்பதில்தான் தப்பு.

கீர்த்திகா ஏற்காட்டில் பிளஸ் டூ முடித்தாள். கணக்குப்பதிவியலில் நல்ல மார்க். பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. சேலம் பக்கம் பேர்போன தனியார் கல்லூரி ஒன்றுக்கும், சர்க்கார் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டாள். பக்கத்து வீட்டு ஆராயியின் மகள் தேவகுமாரியும் அந்தத் தனியார் கல்லூரிக்குப் போட்டிருந்தாள்.

மலை முழுக்கக் கோடை விழாக் கூட்டம் நிறைந்து, பஸ் நகர வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், இரண்டு பெண்களின் போனுக்கும் அந்தக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் லைனே கூடிவிட்டது. தேவகுமாரி தன்னுடையதை முதலில் படித்தாள்.

"கீழ்க்காணும் அசல் சான்றிதழ்களுடன் குறித்த நாளில் பெற்றோருடன் நேரில் வராவிடில், தங்கள் தற்காலிகச் சேர்க்கை முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்படும். எக்காரணம் கொண்டும் கால நீட்டிப்பு வழங்கப்படாது. விதிகளை மீறுவோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

ரத்து, நடவடிக்கை என்று காதில் விழுந்ததும் ஆராயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மருதாயி அவள் பாணியிலேயே ஆறுதல் சொன்னாள். "இல்லைன்னுதான் எழுதியிருக்கறாங்க ஆராயி. அழுது முடிச்சுப்போட்டு வேற காலேஜு பாருங்க."

அடுத்து கீர்த்திகா படித்தாள்.

"அன்புச் செல்விக்கு, எங்கள் கல்லூரிக் குடும்பத்தின்மீது தாங்கள் வைத்த நம்பிக்கைக்கு நெஞ்சார்ந்த நன்றி. தங்கள் பெயரை எங்கள் தொடர் பரிசீலனைப் பட்டியலில் சேர்த்துள்ளோம் என்பதை மகிழ்வுடன் தெரிவிக்கிறோம். தங்கள் திறமையைப் பெரிதும் மதிக்கிறோம். தங்கள் ஒளிமயமான எதிர்காலத்துக்கு எங்கள் இதயங்கனிந்த வாழ்த்துகள்."

குழாயடியே குளிர்ந்துபோனது. அப்போது அந்தப் பக்கம் வந்த ரைட்டர் வெங்கடேஷ் இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தான். தேவகுமாரியின் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான். "அழாதீங்கக்கா. சேர்த்துக்கிட்டாத்தான ரத்து பண்ண முடியும்? எடம் கெடச்சிருச்சு. அடிக்கிற கைதான் அணைக்கும்." பிறகு கீர்த்திகாவின் கடிதத்தைப் படித்தான். "இதுல என்னக்கா சந்தேகம்? பேரப் பட்டியல்ல சேர்த்தாச்சுன்னு போட்டிருக்கு. மகிழ்ச்சின்னு வேற எழுதியிருக்கறாங்க. பேர் ஏறிருச்சு."

பேர் ஏறிருச்சு. அந்த லைனில் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். திட்டி எழுதிய பிள்ளைக்கே இடம் இருக்கிறது என்றால், வாழ்த்தி எழுதிய பிள்ளைக்கு இல்லாமலா போகும் என்று மருதாயி கேட்டாள்.  மறுநாள் லைன் முழுக்க வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொடுத்தாள். பெருமாள்கூட அன்றைக்கு வாயைத் திறந்து, "பேங்குல உக்காந்தா நம்மளையெல்லாம் கண்ணு தெரியுமா சாமி?" என்று மகளைக் கேட்டான்.

இரண்டு வாரம் கழித்துச் சர்க்கார் கல்லூரியிலிருந்து கலந்தாய்வுக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது.

"எதுக்கும் போயிட்டு வந்தர்லாமாம்மா?" என்றாள் கீர்த்திகா.

"எதுக்கு?"

"இல்ல, அந்தக் காலேஜுல இன்னும் தேதி சொல்லல. இதையும் ஒண்ணு பாத்து வெச்சுக்கலாம்னு..."

"ஒரு எடத்துல பேர் ஏறினதுக்கப்புறம் இன்னொரு வாசல்ல போயி நிப்பியா கண்ணு? அங்க நீ ஒரு எடத்தப் புடிச்சு வெச்சா, இல்லாத புள்ள ஒண்ணு திரும்பிப் போவோணும். அந்தப் பாவம் நமக்கெதுக்கு?"

கீர்த்திகா போகவில்லை. அவளும் அந்தக் களத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதானே.

தேவகுமாரி சான்றிதழ்களோடு போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள். கீர்த்திகாவுக்குத் தேதி வரவில்லை. போன் போட்டால் ஒரு பெண் குரல், "உங்க பேர் எங்க பரிசீலனையிலதான் இருக்கும்மா, கண்டிப்பா தகவல் வரும்" என்று தேன் ஒழுகச் சொன்னது. அடுத்த வாரமும் அதையேதான் சொன்னது. வீட்டில் ஒரு இலவு காத்த கிளி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, தேவகுமாரி புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினாள். அவளுக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. மருதாயி பத்துப் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

கல்லூரி வாசலில் செக்யூரிட்டி போன் நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே விட்டான். ஆபீஸில் புஷ்பலதா என்று ஒரு பெண் இருந்தாள். போனில் பேசிய அதே குரல். கீர்த்திகாவின் கடிதத்தைப் பார்த்ததும் அந்த முகம் மாறியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "இந்த லெட்டர் வந்தாலே இடம் இல்லைன்னுதாங்க அர்த்தம். உங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"இதுல எங்க அப்படிப் போட்டிருக்குது?"

"போட மாட்டாங்க."

"போன் பண்ணப்பவாச்சும் சொல்லலாமில்ல?"

"எங்கள அப்படித்தாங்க பேசச் சொல்லியிருக்காங்க." அவள் தலைகுனிந்துகொண்டாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எய்தவன் உள்ளே இருக்க அம்பை நோவானேன் என்று மருதாயி நேராக உள்ளறைக்கு நடந்தாள்.

உள்ளே சேர்க்கைப் பொறுப்பாளர் இருந்தார். எழுந்து வணக்கம் சொன்னார். நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. டீ சாப்பிடுறீங்களா?"

"டீ வேண்டாமுங்க. எம்புள்ளைக்கு எடம் உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"உங்க ஆதங்கம் புரியுதும்மா. கீர்த்திகா மாதிரி திறமையான மாணவி எங்க கல்லூரிய விரும்பினதே எங்களுக்குப் பெருமை."

"உண்டா, இல்லையாங்க?"

"இந்த வருஷம் நாங்க எதிர்பார்த்ததைவிட விண்ணப்பம் அதிகம். ஒவ்வொண்ணையும் ரொம்ப அக்கறையோட பார்த்து..."

கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அந்த ஜாதி. கீர்த்திகா போனை அவர் முன்னால் நீட்டினாள். "மகிழ்வுடன் தெரிவிக்கிறோம்னு போட்டிருக்குங்க சார். எதுக்கு சார் மகிழ்ச்சி?" என்று கேட்டாள். 

"அது ஒரு மரியாதைக்குப் போடுறதும்மா" என்றார் அவர். "முன்னாடி, 'தேர்வு செய்யப்படவில்லை'ன்னுதான் அனுப்பிட்டிருந்தோம். பிள்ளைங்க மனசு உடைஞ்சு போகுதுன்னு பேச்சு வந்துச்சு. மூணு பேராசிரியர்கள் உக்காந்து, எங்கயுமே 'இல்லை'ங்கிற சொல் வராம இத எழுதினோம். மத்த கல்லூரிகள்லகூட இத மாதிரிக் கடிதமா வெச்சுக்கக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை வேறு.

மருதாயிக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. படித்த மூன்று பேர் மெனக்கெட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றி வளைத்து, நன்றி சொல்லி, வாழ்த்துச் சொல்லி, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதற்கு ஒரு கமிட்டி.

"ஏனுங்க, மனசு நோகக் கூடாதுன்னு எம்புள்ளையோட வருசத்தத் தின்னுபோட்டீங்களே. இல்லைன்னு ஒத்த வார்த்த எழுதியிருந்தா, அவ ஒரு ராத்திரி அழுதிருப்பா. விடிஞ்சா எந்திரிச்சு சர்க்கார் காலேஜுக்குப் போயிருப்பா. அங்க கூப்பிட்டாங்க, நாங்க போகல. உங்க பேச்ச நம்பி போகல. எம்புள்ள மனசையா காப்பாத்துனீங்க? 'இல்லை'ன்னு சொல்ற சங்கடம் உங்களுக்கு வரக் கூடாதுன்னு உங்க மனசக் காப்பாத்திக்கிட்டீங்க."

"கோபப்படாதீங்கம்மா. நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்லையா? நம்ம வீட்லயே அரிசி தீர்ந்தா 'இல்லை'ன்னு சொல்ல மாட்டோமே. 'நிறைஞ்சிருக்கு'ன்னுதான சொல்லுவோம்?"

"சொல்லுவமுங்க. ஆனா நெறஞ்சிருக்குன்னு சொல்லிப்போட்டு, வந்த விருந்தாளிக்கு எலையப் போட்டு உக்கார வெக்க மாட்டோம்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரீங்க. இப்பவாச்சும் ஒரு தாள்ல 'எடம் இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க லைன்ல காட்டோணும். அடுத்த வருசம் எங்க புள்ளைக எதையும் இந்தக் கடுதாசி ஏமாத்தக் கூடாது."

"அப்படி ஒரு மாதிரிக் கடிதம் எங்க சிஸ்டத்துல இல்லையேம்மா."

"பாத்தீங்களா. இல்லைன்னு சொல்ல உங்களுக்கும் வாய் வருது. எம்புள்ளைக்குச் சொல்லோணும்னப்பத்தான் வரல."

சொல்லிவிட்டு எழுந்தாள். அங்கிருந்து நேரே சர்க்கார் கல்லூரிக்குப் போனார்கள். அங்கே கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. கீர்த்திகாவின் மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"பி.காம். இல்லை. எதுவுமே இல்லை. போன வாரத்தோட முடிஞ்சுது. ஏன், கூப்பிட்டப்ப வரல?"

தாயும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் மே மாசம் போடு பாப்பா. இந்த மார்க்குக்குக் கிடைக்கும். அடுத்து யாரு, வாங்க."

ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்த மனுஷன்மீது மருதாயிக்குக் கோபமே வரவில்லை. இப்படி ஒருத்தன் அந்தக் கல்லூரியில் இருந்திருந்தால் தன் பிள்ளை இன்றைக்கு வகுப்பில் இருந்திருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் கீர்த்திகா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மலை ஏறும்போது போனில் ஒரு செய்தி வந்தது. "எங்கள் கல்லூரிக்கு வருகை தந்தமைக்கு நன்றி. தங்கள் இனிய அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் அளிப்பீர்கள்?" அதைப் படித்துவிட்டு அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகுதான் பேசினாள்.

"கூப்பிட்டப்ப நான் போலாம்னு சொன்னேன்."

"சொன்ன."

"உன்ற எஸ்டேட்டு மரியாதை எஸ்டேட்டுக்குள்ளதாம்மா செல்லும். வெளிய செல்லாது."

யாருக்கும் வாய்ப்பேச்சில் தோற்காத மருதாயி அன்றைக்குத் தோற்றாள். மகள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதி, பெயரைச் சேர்த்துவிட்டோம் என்று கூசாமல் எழுதிய அந்த மூன்று பேராசிரியர்களைச் சேர வேண்டியது. ஆனால் அடி விழுந்தது என்னவோ இவர்கள் வீட்டில்தான். எழுதியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு கீர்த்திகா வீட்டில் அதிகம் பேசவில்லை. காலையில் தேவகுமாரி ஜீப் ஏறுகிற நேரத்தில் மட்டும் உள்ளே போய்விடுவாள். மருதாயி பஸ்ஸிலும் சந்தையிலும் ரேஷன் கடையிலும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தக் கடிதத்தின் கதையைச் சொன்னாள். "காலேஜு கடுதாசியில சக்கர இருந்துச்சுன்னா, எடம் இல்லைன்னு அர்த்தமுங்க. திட்டியிருந்தா ஓடிப் போயி சேந்துக்கோங்க." சனங்கள் சிரித்தார்கள். அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பழம் பழுத்தது. பறிப்பு தொடங்கிய நாள் காலை, பனி இன்னும் விலகாத களத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்த வருஷம் எஸ்டேட்டுக்கு ஆள் போதவில்லை. மருதாயி ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். வெங்கடேஷ் எழுதிக்கொண்டே வந்தான். வரிசையின் கடைசிக்கு முந்தின ஆளைப் பார்த்ததும் அவள் நின்றாள்.

கீர்த்திகா. இடுப்பில் பழம் பறிக்கிற சாக்கைக் கட்டியிருந்தாள். பெருமாளின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்த?"

"வேலைக்கு" என்றாள் கீர்த்திகா. "இங்க பேர் ஏறினா உண்மையாவே ஏறும்ல?"

 வெங்கடேஷ் பேனாவைப் பிடித்தபடி தயங்கினான். அவன்தானே குழாயடியில் அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னவன். "மருதாக்கா, ஆளு வேற பத்தல... பேரப் போட்டுக்கட்டுங்களா? கொஞ்ச நாளைக்குத்தான? ஊட்ல சும்மா இருக்கறதுக்கு..."

இந்த மலையில் இப்படித்தான் தொடங்கும் என்பது மருதாயிக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு என்றுதான் அவளும் இந்தச் சாக்கை ஒரு காலத்தில் இடுப்பில் கட்டினாள். ஒரு பருவம், இன்னொரு பருவம், அப்புறம் மே மாதம் வந்து போகும். விண்ணப்பம் போட நாள் இருந்தது என்பதே மறந்துபோகும். பாக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இப்போதைக்கு எல்லாருக்கும் சுலபம். மகள் முகம் வாடாது. ரைட்டருக்கும் ஆள் கிடைக்கும்.

"இல்லை" என்றாள் மருதாயி.

கீர்த்திகாவின் கண் நிறைந்துவிட்டது. "ஏம்மா?"

"உனக்கு இந்தக் களத்துல எடம் இல்லை. இன்னிக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை. மே மாசம் வர்ற வரைக்கும் நீ ஊட்ல உக்காந்து படி. எம்மேல எத்தன கோவம் வேணும்னாலும் படு. இல்லைன்னா இல்லைதான் சாமி."

 கீர்த்திகா இடுப்பிலிருந்த சாக்கை அவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால், சாக்குக் கொண்டுவராமல் முதல் ஜீப்பில் வந்து இறங்கிய ஒரு பெண் நின்றிருந்தாள். அவளிடம் அதைக் கொடுத்துவிட்டு, லைன் பக்கம் நடந்தாள். இந்தத் தடவை அவள் எங்கேயும் காத்திருக்கவில்லை.

மருதாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து நின்றவளைப் பார்த்துக் கேட்டாள்.

"உன் பேரென்ன கண்ணு? சொல்லு, ரைட்டர் எழுதிக்கட்டும்."